உடைத்தவன் சின்னப் பையனா, குற்றவாளியா? யார் முடிவு செய்கிறார்கள்?

தமிழ்நாட்டில் பல ஊர்களில் அண்ணல் அம்பேத்கர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். அரசியலமைப்புச் சட்டத்தைக் கையில் பிடித்து, விரலை நீட்டி, கம்பிகளுக்குப் பின்னால். அந்தக் கூண்டைப் பாதுகாப்புக்காக வைத்ததாக அதிகாரிகள் சொல்வார்கள். உடைக்க வருகிறவன் வெளியே நடமாடலாம், உடைபடக்கூடியவர் உள்ளே இருக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம் என்று நாம் கேட்டு ஓய்ந்துவிட்டோம்.

சிலை உடைப்பு நடந்த பிறகு வழக்கமாக என்ன நடக்கும் என்பது நமக்கு மனப்பாடம். காலையில் பார்த்தால் விரல் உடைந்திருக்கும், அல்லது முகத்தில் சாயம் பூசியிருக்கும், அல்லது கழுத்தில் செருப்பு மாலை தொங்கும். மக்கள் கூடுவார்கள், சாலை மறியல் நடக்கும். டிஎஸ்பி வருவார், தாசில்தார் வருவார். ‘மர்ம நபர்கள்’ மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகும். சில நாளில் பக்கத்து ஊர்த்தெருவைச் சேர்ந்த நான்கைந்து இளைஞர்கள் பிடிபடுவார்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். “குடிபோதையில் செய்துவிட்டார்கள்”, “மனநிலை சரியில்லாத பையன்”, “படிக்கிற பசங்க, அவங்க வாழ்க்கை வீணாகிவிடும்” என்று ஒவ்வொருவராகப் பேச வருவார்கள். கடைசியில் ஒரு சமாதானக் கூட்டம். அதில் விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பொதுச் சொத்தையோ பிறர் மதிப்பதையோ உடைக்கும் இளைஞர்களைச் சமூகம் என்ன செய்ய வேண்டும்? நம் தோழர்களிடையே இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. “சின்னப் பையனாவது, பெரிய பையனாவது, குண்டாஸில் தூக்கி உள்ளே போடு” என்பது ஒன்று. “சிறைக்குப் போனால் அவன் இன்னும் பெரிய சாதி வெறியனாகத்தான் வெளியே வருவான்” என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பதில் சொல்வதற்கு முன், இந்த நாட்டில் ‘சின்னப் பையன்’ என்ற சலுகை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற வரலாற்றைப் பார்த்துவிட வேண்டும்.

பிரம்படி வாங்கியவர்கள்

செய்த குற்றம் ஒன்றாக இருந்தாலும், செய்தவனின் வர்ணத்தைப் பொறுத்துத் தண்டனை மாறும் என்று எழுதி வைத்த நூல் மனுஸ்மிருதி. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அண்ணல் தலைமையில் அது எரிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சொன்னதும் “நீங்களும்தானே எரித்தீர்கள்” என்று ஒரு கேள்வி வரும். ஆம், எரித்தோம். மாநாடு கூட்டி, தீர்மானம் போட்டு, பெயர் சொல்லி, நம் கையில் இருந்த பிரதியை எரித்தோம். தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பார்ப்பனர். இரவில் முகத்தை மூடிக்கொண்டு அடுத்தவர் தெருவுக்குள் நுழைந்து அவர்கள் கும்பிடுவதை உடைக்கவில்லை. தான் செய்ததற்குப் பொறுப்பேற்பவன் எதிர்ப்பாளன். செய்துவிட்டு ஓடி ஒளிகிறவனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று எழுதப்பட்டது. ஆனால் 1864இல் சவுக்கடிச் சட்டம் ஒன்று வந்தது. மரண தண்டனைக்குரிய குற்றம் தவிர வேறு எதைச் செய்தாலும் சிறுவனுக்குச் சிறைக்குப் பதில் பிரம்படி கொடுக்கலாம் என்று அது அனுமதித்தது. அந்த அடியை வாங்கிய முதுகுகள் யாருடையவை? வக்கீல் வைக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுடையவை அல்ல. சுதந்திரம் வந்து 8 ஆண்டுகள் கழித்து, 1955இல்தான் சவுக்கடித் தண்டனையை இந்தியா சட்டம் போட்டு ஒழித்தது.

1876இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. 1897இல் அது திருத்தி எழுதப்பட்டது. அதன்படி ஒரு சிறுவனை 3 முதல் 7 ஆண்டுகள் வரை சீர்திருத்தப் பள்ளியில் அடைத்து வைக்கலாம். சென்னை மாகாணத்துக்கான சீர்திருத்தப் பள்ளி 1887இல் செங்கல்பட்டில் தொடங்கப்பட்டது. தச்சு வேலை, நெசவு என்று தொழில் கற்றுத்தந்து ‘நல்லவர்களாக்குவது’ நோக்கம் என்றார்கள். தொழில் கற்பது நல்லதுதான். ஆனால் வயிற்றுப் பசிக்குத் திருடியவனை வருடக்கணக்கில் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதற்கு ‘சீர்திருத்தம்’ என்று பெயர் வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது எல்லாவற்றையும் மிஞ்சியது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எதுவும் செய்யாத ஆளைக்கூடப் பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று பதிவு செய்யலாம். கைரேகை எடுக்கலாம், ஊரை விட்டுப் போகக்கூடாது என்று கட்டிப்போடலாம். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் சேர்க்கும் அதிகாரத்தையும் அந்தச் சட்டம் அரசுக்குத் தந்தது. குறவர், வேப்பூர்ப் பறையர், பிரமலைக் கள்ளர் என்று பல சமூகங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் ரேகைச் சட்டத்தை எதிர்த்து நின்ற பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. பெண் ஒருவர் உட்பட 15க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதை இங்கே நினைவுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தென்மாவட்டங்களில் சாதி வன்முறை நடக்கும்போது நம் ஆட்களில் சிலர் கோபத்தில் “அவங்க சாதியே அப்படித்தான்” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வாக்கியம் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வாக்கியம். பிறப்பை வைத்து ஒருவனைத் தீர்மானிக்கிற வாக்கியம். அந்த வாக்கியத்தால் அதிகம் அடிபட்டவர்கள் நாம். அது நம் வாயில் வரக்கூடாது. சிலையை உடைத்தவன் செய்த செயலுக்குத் தண்டனை கேட்போம். அவன் பிறந்த சாதிக்குத் தண்டனை கேட்க மாட்டோம்.

இரண்டு தராசுகள்

1920இல் சென்னை மாகாணம் சிறார் சட்டம் கொண்டுவந்தது. குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்கக்கூடாது, தனி நீதிமன்றம் வேண்டும் என்ற கருத்தை இந்தியாவில் முதலில் சட்டமாக்கிய மாகாணம் இதுதான். பின்னர் 1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளில் மத்திய அரசின் சிறார் நீதிச் சட்டங்கள் வந்தன. இன்று 18 வயது நிறையாதவர் செய்த குற்றத்தைச் சிறார் நீதிக் குழுமம் விசாரிக்கிறது. ஏட்டில் இது மிக நல்ல சட்டம்.

ஏட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது? ரயில்வேக்குச் சொந்தமான பேட்டரியைத் திருடியதாகத் தாம்பரத்தில் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன், 2022 டிசம்பர் 31 அன்று இறந்தான். அவன் அடைக்கப்பட்டிருந்த இடம் செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லம். 1887இல் ‘சீர்திருத்தம்’ தொடங்கிய அதே செங்கல்பட்டு. அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் 6 பேர் கைது செய்யப்பட்டார்கள். அந்தப் பையனுக்காக, “படிக்க வேண்டிய வயசு, அவன் வாழ்க்கை வீணாகிவிடும்” என்று சொல்ல எந்த ஊர்ப் பெரியவரும் போலீஸ் நிலையத்துக்குப் போகவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அப்படிப் போகிற பெரியவர்கள் இருப்பதில்லை.

ஒரு பேட்டரிக்கு உயிர் போனது. ஒரு சிலைக்கு, ஒரு தெருவையே அவமானப்படுத்தியதற்கு, ‘சின்னப் பசங்க’ என்ற மன்னிப்பு. இரக்கம் கூடாது என்பதல்ல நம் கட்சி. இரக்கம் ஒரு பக்கம் மட்டும் ஏன் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

உடைப்பவர்கள் எப்போதும் இளைஞர்கள்தானா என்றும் கேட்க வேண்டும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் நுழைந்து தொலைக்காட்சிகளையும் மின்விசிறிகளையும் தையல் இயந்திரங்களையும் நொறுக்கியவர்கள் சீருடை போட்ட பெரியவர்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தில் நம் மக்கள் வாங்கிய பொருட்கள் அவை. ஒரு தலித் ஊர் முன்னேறிவிட்டது என்பதற்கு அடையாளமாக இருந்த ஒவ்வொன்றும் உடைக்கப்பட்டது. பக்கத்து ஊரில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு பையன் அதிலிருந்து என்ன கற்றிருப்பான்? இவர்களுடையதை உடைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதைத்தான்.

இரண்டே வருடத்தில் அடுத்த பாடம் வந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மனின் படையில் நின்று வெள்ளையனை எதிர்த்து இறந்த தேவேந்திரர் அவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் பரவியது. கடைசியில் அரசு என்ன செய்தது? மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. எல்லோருக்கும் சமம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அன்று 15 வயதில் இருந்த ஒவ்வொருவனும் புரிந்துகொண்டது ஒன்றுதான்: கலவரம் செய்தால் தலித்தின் பெயர் இறங்கும்.

அதே 1997, ஜூலை 11. மும்பை காட்கோபரில் உள்ள ரமாபாய் நகரில் அண்ணலின் சிலைக்கு யாரோ செருப்பு மாலை போட்டிருந்தார்கள். அவமானம் தாங்காமல் சாலைக்கு வந்த மக்கள் மீது மாநில ரிசர்வ் போலீஸ் சுட்டது. 10 பேர் இறந்தார்கள். செருப்பு மாலை போட்டவனுக்குக் கிடைக்காத தண்டனை, அதைக் கண்டு அழுதவர்களுக்குக் கிடைத்தது.

2019 ஆகஸ்ட் 25 அன்று வேதாரண்யத்தில் காவல் நிலையத்துக்கு அருகிலேயே, பகலில், ஒரு கும்பல் அம்பேத்கர் சிலையை உடைத்தது. நாடே காணொளியில் பார்த்தது. மறுநாளே அரசு புதிய சிலையை நிறுவியது. வேகமாக நடந்தது, அதை மறுக்கவில்லை. கைதுகளும் நடந்தன. ஆனால் புதிய சிலை வந்தது மக்கள் வரிப் பணத்தில். அந்தச் சிலையைச் சுமக்க, பீடத்துக்குச் சிமென்ட் குழைக்க, உடைத்தவர்களில் ஒருவர் கையும் தேவைப்படவில்லை. உடைத்தது ஒரு கூட்டம், சரிசெய்தது அரசு. இரண்டுக்கும் நடுவில், உடைத்தவன் தான் உடைத்தது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமே வரவில்லை.

வேறு இடங்களில் செய்து பார்த்தது

1974இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் 18, 19 வயது இளைஞர்கள் இருவர் ஒரே இரவில் 22 பேரின் சொத்துகளைச் சேதப்படுத்தினார்கள். குடித்துவிட்டு, கார் டயர்களைக் கிழித்து, ஜன்னல்களை நொறுக்கி, கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவர் நீதிபதியிடம் ஒரு யோசனை சொன்னார்: இவர்கள் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் நேரில் சந்திக்கட்டும். வழக்கத்தில் இல்லாத யோசனை. நீதிபதி ஏற்றுக்கொண்டார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, “நாங்கள்தான் உடைத்தோம்” என்று சொன்னார்கள். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டார்கள். சில மாதங்களில் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்தார்கள். பாதிக்கப்பட்டவரும் பாதித்தவரும் சந்தித்துச் சேதத்தைச் சரிசெய்யும் முறை பல நாடுகளில் பரவியதற்கு இந்த வழக்கு ஒரு தொடக்கம்.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடலாமா? முடியாது. எல்மைராவில் கதவைத் தட்டியவனும் திறந்தவரும் ஒரே ஊரின் சம மனிதர்கள். இங்கே ஊரும் சேரியும் சமம் இல்லை. இங்கே ‘நேரில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வது’ என்பதற்கு நூற்றாண்டுகளாக ஒரு பெயர் இருக்கிறது: கட்டப்பஞ்சாயத்து. அதில் திண்ணையில் உட்காருகிறவர்கள் அவர்கள், கீழே நிற்கிறவர்கள் நாம். கூலி வேலைக்கும், வாய்க்கால் தண்ணீருக்கும், சுடுகாட்டுப் பாதைக்கும் அவர்களைச் சார்ந்திருக்கிற ஒரு குடும்பத்திடம் “மன்னித்துவிடுகிறாயா” என்று கேட்டால், அந்தக் கேள்வியே மிரட்டல்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருப்பதே அந்தத் திண்ணையிலிருந்து நியாயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதற்காக.

நமக்கு இன்னும் நெருக்கமானது அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஆஷ்பர்னில் 2016இல் நடந்தது. அங்கே கறுப்பினக் குழந்தைகளுக்கென்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட ஓர் அறைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. வெள்ளையர் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் 1950களின் பிற்பகுதிவரை கறுப்பினக் குழந்தைகள் அங்கேதான் படித்தார்கள். பழுதுபட்டுக் கிடந்த அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது, 16, 17 வயதுப் பையன்கள் ஐந்து பேர் இரவில் போய்ச் சுவரெல்லாம் ஸ்வஸ்திகாவும் வெள்ளையர் ஆதிக்க முழக்கமும் வேறு கிறுக்கல்களும் வரைந்து வைத்தார்கள்.

விசாரணையில் தெரிந்தது என்ன? ஐவரில் மூவர் வெள்ளையர்கூட இல்லை. அந்தக் கட்டடம் என்ன என்றும், வரைந்த குறிகளுக்கு என்ன பொருள் என்றும் அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கு அரசு வழக்கறிஞர் அலெஹாந்திரா ருவேதா வந்தார். அவர் தாய் நூலகர். அவர் 35 புத்தகங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். நாஜி வதைமுகாம், அமெரிக்க இனவெறி, நிறவெறி பற்றிய புத்தகங்கள். மாதம் ஒன்று வீதம் ஓராண்டுக்குப் படித்து, படித்ததைப் பற்றி எழுதித் தர வேண்டும். யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அந்தப் பள்ளியில் படித்த ஒரு முன்னாள் மாணவரின் பதிவு செய்யப்பட்ட பேட்டியைக் கேட்க வேண்டும். 2017இல் நீதிபதி இதை ஏற்று உத்தரவிட்டார்.

ஒரு கறுப்பினப் பையன் வெள்ளையர் தேவாலயத்தின் சுவரில் கிறுக்கியிருந்தால் புத்தகம் கொடுத்திருப்பார்களா என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் அந்தத் தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களை மன்னிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குற்றம் குற்றமாகவே பதிவானது. உழைக்க வேண்டியவர்கள் உடைத்தவர்கள் மட்டுமே. அந்தப் பள்ளி ஏன் கட்டப்பட்டது என்பது தெரியாமல் அவர்கள் அந்த வழக்கிலிருந்து வெளியே போக முடியாது.

இங்கே என்ன கேட்க வேண்டும்

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 2015இல் நிறைவேறி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, பட்டியல் சமூகத்தார் உயர்வாக மதிக்கும் பொருளை உடைப்பதும் சேதப்படுத்துவதும் இழிவுபடுத்துவதும் வன்கொடுமைக் குற்றம். ‘பொருள்’ என்பதில் சிலையும் படமும் அடங்கும் என்று பிரிவு 3(1)(டி) தெளிவாகவே சொல்கிறது. 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை தண்டனை. ஆகவே முதல் கோரிக்கை: வழக்கு இந்தப் பிரிவில் பதிவாக வேண்டும், வாபஸ் கிடையாது. வெறும் பொதுச் சொத்துச் சேத வழக்காக அதைச் சுருக்கக்கூடாது. உடைந்தது சிமென்ட் மட்டும் என்று சொல்லும் முதல் தகவல் அறிக்கை, குற்றத்தின் பாதியை மறைத்துவிடுகிறது.

“பையனின் எதிர்காலம்” என்று வருகிறவர்களுக்கு இரண்டாவது பதில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் அவன் சிறைக்குப் போவதில்லை, சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகிறான். அங்கே குற்றம் நிரூபணமானாலும் அது அவனுக்குத் தகுதியிழப்பாக ஒட்டிக்கொள்ளாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அவன் எதிர்காலத்தைச் சட்டமே பார்த்துக்கொள்கிறது. அதற்காக நாம் புகாரைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. சமாதானக் கூட்டத்தில் நம் பெரியவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

மூன்றாவது, அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு. அறிவுரை, குழு ஆலோசனை, சமூகச் சேவை, பெற்றோர் கட்ட வேண்டிய அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு என்று குழுமம் எதை வேண்டுமானாலும் உத்தரவிடலாம். பிறகு ஏன் ஆஷ்பர்னில் நடந்தது இங்கே நடக்கக்கூடாது? சிலையைச் சரிசெய்யும் செலவு அந்த வீட்டிலிருந்து வரட்டும். சாதி ஒழிப்பு நூலைப் படித்து, புரிந்ததைத் தன் கையால் எழுதித் தரட்டும். பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைக்கப்பட்டவர்கள், தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்தவர்கள் இன்னும் ஒவ்வொரு சேரியிலும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் பேசியதைப் பதிவு செய்து, அவனை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லட்டும். அவனை எதிரே வைத்துப் பேச அந்தத் தாத்தாவோ பாட்டியோ விரும்பினால் மட்டும் நேரில் சந்திப்பு. அதுவும் ஊர்த் திண்ணையில் கூடாது, குழுமத்தின் முன்னால். வழக்கு முடிந்ததற்கு விலையாகவும் கூடாது.

18 வயதைத் தாண்டியவன் நீதிமன்றத்தைச் சந்திக்கட்டும். தண்டனையோடு சேர்த்து அவனும் இதையெல்லாம் படிக்கலாம், தடை ஒன்றுமில்லை.

நான்காவது, இந்தப் பையன்களின் கையில் கல்லைக் கொடுத்தவர்கள். 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பள்ளி மாணவர்கள் சிலர் தங்களோடு படித்த தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். சிலை உடைப்பைவிடப் பல மடங்கு கொடியது அது. ஆனால் இரண்டும் முளைக்கும் மண் ஒன்றே. அதன் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் கூடாது என்று அது பரிந்துரைத்தது. அந்தக் கயிறு 13 வயதுப் பையனின் கையில் தானாக முளைப்பதில்லை. அதைக் கட்டிவிடும் சாதிச் சங்கம் இருக்கிறது, கண்டும் காணாமல் இருக்கும் ஆசிரியர் இருக்கிறார், குருபூசைக்கு வண்டி எடுத்துக் கொடுக்கும் பெரிய மனிதர் இருக்கிறார். பையன் குழுமத்தின் முன் நிற்கும்போது, தூண்டிய பெரியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். இன்றோ அவர்தான் சமாதானக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார்.

கடைசியாக நம் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. சிலை உடைந்த செய்தி வந்ததும் கோபத்தில் பேருந்துக் கண்ணாடியை உடைக்கும் நம் தம்பிகள் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தின் காரணம் எனக்குப் புரியும். ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் நமக்கு எதிரி இல்லை. 1992ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் நம் தெருவுக்குள் எவ்வளவு வேகமாக வரும் என்பதும் நமக்குத் தெரியும். சிலையை உடைத்தவன் வீட்டுக்குப் போவதற்குள் கண்ணாடியை உடைத்தவன் உள்ளே போயிருப்பான். அவனுக்கும் நான் கேட்பது அதே தராசுதான்: அடிக்கக்கூடாது, குண்டர் சட்டம் போடக்கூடாது, உடைத்ததற்கு அவன் பொறுப்பேற்க வேண்டும், அதன் செலவில் தன் பங்கை உழைத்துக் கட்ட வேண்டும். நம் பையனுக்கு ஒன்று, அவர்கள் பையனுக்கு ஒன்று என்று கேட்டால் நாமும் மனுவின் பக்கம் போய் நிற்போம்.

செங்கல்பட்டில் அந்தப் பிள்ளை செத்ததும், ஊர்த் திண்ணையில் அந்தப் பிள்ளை மன்னிக்கப்படுவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். முதல் பிள்ளைக்குச் சட்டத்தின் கருணை போய்ச் சேரவில்லை. இரண்டாவது பிள்ளைக்குச் சட்டமே போய்ச் சேரவில்லை. இருவருக்கும் இரண்டும் போய்ச் சேர வேண்டும். அடுத்த முறை சமாதானக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், 18ஆம் பிரிவையும் 24ஆம் பிரிவையும் அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். புகார் மனுவில் 3(1)(டி) இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஜெய்பீம்.